குறைத்துக் கொடுத்ததும் கூடுதலாகக் கொடுத்ததும் ஒன்றல்ல
வாசகர் கேள்வி – பதில்

சம்பளக் கணக்கில் நேர்ந்த பிழைகளை எப்படித் திருத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் அளிக்கிறேன். தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இங்கே சொல்லப்படும் முறைகளைப் பின்பற்றும் முன் உங்கள் நாட்டின் சட்ட விதியையும் உங்கள் பணி ஒப்பந்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் சிறு உற்பத்தி நிறுவனம் நடத்துகிறேன். ஓவர்டைம் ஊதியத்தை அடிப்படைச் சம்பளத்தோடு நிலையான படிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் பதினான்கு மாதங்களாக அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டு வந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. இடையில் ஆறு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். வித்தியாசத்தை வரும் மாதச் சம்பளத்தில் ‘சரிக்கட்டுத் தொகை’ என்று சேர்த்துவிட்டால் போதும், அறிவிப்பெல்லாம் கொடுத்தால் வீண் சந்தேகம் எழும் என்கிறார் எங்கள் கணக்காளர். அப்படிச் செய்யலாமா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்வது சரி. சொல்லாமல் கொடுக்கலாம் என்பது சரியில்லை. குறைவாகக் கொடுக்கப்பட்ட ஊதியம் நிறுவனம் தொழிலாளியிடம் பட்ட கடன். அந்தக் கடன் நீங்கள் அதைக் கண்டுபிடித்த நாளில் உண்டானதல்ல. பதினான்கு மாதங்களாக ஒவ்வொரு சம்பள நாளிலும் சேர்ந்துகொண்டே வந்தது. ஆகையால் அடுத்த சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காமல், கணக்கு முடிந்தவுடன் தனிப் பட்டுவாடாவாகக் கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் கணக்கு முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றால், உறுதியாகத் தெரிந்த அண்மை மாதங்களின் தொகையை முதலில் கொடுத்து, மீதியை எந்தத் தேதிக்குள் கொடுப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கலாம்.

அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். பதினான்கு மாதம் என்ற எண் எப்படிக் கிடைத்தது? புதிய மென்பொருளுக்கு மாறிய மாதம் அது என்றோ, படிகள் அறிமுகமான மாதம் அது என்றோ காரணம் தெரிந்தால் பிழையின் தொடக்கம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம். பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தவர் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டதால் மட்டும் வந்த எண் என்றால், இன்னும் பின்னோக்கிப் போக வேண்டும். அதே கணக்கீட்டு முறை விடுமுறை நாள் ஊதியத்துக்கும், எடுக்காத விடுப்பைப் பணமாக்கும்போதும் பயன்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு தவறான சூத்திரம் ஓர் இடத்தில் மட்டும் தங்கியிருப்பது அரிது. நிலுவைக்கு வழக்குத் தொடரச் சட்டம் காலவரம்பு வைத்திருக்கலாம். அது நீதிமன்றத்துக்குப் போவதற்கான எல்லை. அதற்கு முந்தைய காலத்துக்கும் நேர்மையாகக் கொடுத்துவிட உங்களை எதுவும் தடுக்கவில்லை. பதிவு இருக்கும் காலம் முழுவதற்கும் கொடுங்கள் என்பதே என் கருத்து.

ஓவர்டைம் தொகை திருத்தப்படும்போது அதோடு பிணைந்த வேறு கணக்குகளும் மாறும். மொத்த ஊதியத்தின் மேல் கணக்கிடப்படும் ஓய்வூதிய நிதி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, போனஸ், வரிப் பிடித்தம் ஆகியவற்றில் எவை எவை மாறுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பல மாத நிலுவை ஒரே ஆண்டில் சேர்ந்து வருவதால் ஒருவர் உயர்ந்த வரி விகிதத்துக்குள் போய்விடக்கூடும். உங்கள் நாட்டு வரிச் சட்டத்தில் நிலுவைக்கென்று தனி நிவாரணம் இருந்தால், அதைக் கோருவதற்குத் தேவையான மாதவாரிப் பட்டியலை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் தயாரித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் பிழையால் அவர்கள் கூடுதல் வரி கட்ட நேர்ந்தால் அந்த வித்தியாசத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்வது முறை. சட்டம் கட்டாயப்படுத்தாத நாடுகளிலும் பிழைக்கான செலவு பிழை செய்த பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வேலையை விட்டுப் போன ஆறு பேரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, வேலை முடியும்போது ஒருவருக்குச் சேர வேண்டிய ஊதியம் முழுவதையும் சட்டமோ ஒப்பந்தமோ சொல்லும்படியும், அப்படி ஏற்பாடு இல்லாதபோது நியாயமான காலத்துக்குள்ளும் தீர்த்துவிட வேண்டும் என்கிறது. அவர்கள் இனித் திரும்பி வரமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள் என்பதால் அவர்கள் பணம் நிறுவனத்துடையது ஆகிவிடாது. கடைசியாகத் தெரிந்த முகவரி, கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் வழியே முயன்று பாருங்கள். ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் அவருடைய தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

இனி அறிவிப்பு. ‘சரிக்கட்டுத் தொகை’ என்ற ஒற்றை வரியைச் சம்பளச் சீட்டில் பார்க்கும் தொழிலாளிக்கு அது எந்த மாதத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எந்த விகிதத்தில் வந்தது என்று தெரியாது. தெரியாததால் சரிபார்க்கவும் முடியாது. சந்தேகம் எழுவது அப்போதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில், நேர்ந்த பிழை, அது தொடங்கிய மாதம், மாதவாரியாகக் கொடுத்த தொகையும் கொடுத்திருக்க வேண்டிய தொகையும், பிடித்தங்கள், யாரிடம் விளக்கம் கேட்கலாம் என்ற விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தவறு நிறுவனத்துடையது என்று ஒரு வாக்கியம் தெளிவாக இருக்கட்டும். ‘இதற்குமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அவர்களுக்கு உரிய பணத்தைக் கொடுப்பதற்கு அவர்களிடமே விலை கேட்பதாகும் அது, செய்ய வேண்டாம்.

அச்சத்தால் மறைப்பவர்களுக்காக ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது குற்றமாக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் தெரியாமல் நேர்ந்த தவறு அந்தக் குற்றத்தில் சேராது. ஆனால் தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டால், தெரியாமல் நேர்ந்தது என்று அதற்குப் பின் எந்த நாட்டிலும் சொல்லி நிற்க முடியாது.

கேள்வி: மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரு ஊழியருக்கு இரவுப்பணிப் படி ஏழு மாதங்களாக இருமடங்காகப் போயிருக்கிறது. முழுத் தொகையையும் இந்த மாதச் சம்பளத்திலேயே பிடித்துவிடும்படி மேலாளர் சொல்கிறார். ‘நம் பணம்தானே, குறைத்துக் கொடுத்திருந்தால் உடனே கொடுக்கச் சொல்வார்கள், கூடுதலாகக் கொடுத்ததை உடனே எடுத்துக்கொள்ளக் கூடாதா?’ என்பது அவர் வாதம்.

பதில்: அந்த வாதம் நியாயம் போலத் தோன்றுவதால்தான் இத்தனை நிறுவனங்கள் இந்த இடத்தில் தவறுகின்றன. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல. கணக்கு எழுதுவதும் நிறுவனம், பணம் கொடுப்பதும் நிறுவனம், பிடித்தம் செய்யும் அதிகாரமும் நிறுவனத்திடம்தான். ஊழியரிடம் இருப்பது கைக்கு வந்த தொகை மட்டும். அதைச் சரியான ஊதியம் என்று நம்பி அவர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டியிருப்பார். நிறுவனத்துக்கு ஏழு மாதப் படி கணக்கேட்டில் ஒற்றை வரி. அவருக்கு அது ஒரு மாத வாழ்க்கை.

மேலே சொன்ன 1949 உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் நிபந்தனைகளின்படியும் அளவிலும்தான் ஊதியத்தில் பிடித்தம் செய்யலாம் என்கிறது. தொழிலாளியும் அவர் குடும்பமும் வாழத் தேவையான அளவுக்கு ஊதியம் பறிமுதலிலிருந்து காக்கப்பட வேண்டும் என்கிறது 10-ஆம் பிரிவு. கூடுதலாகக் கொடுத்ததை மீட்பதைப் பெரும்பாலான நாடுகள் அனுமதிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அளவு வைக்கும் நாடுகள் பல. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில், ஓர் ஊதியக் காலத்தின் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நீதிமன்றங்களும் ‘நம் பணம்தானே’ என்ற வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. காயமடைந்து நீண்ட விடுப்பில் இருந்த ஓர் ஆசிரியருக்கு இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. நல்லெண்ணத்தோடு வாங்கி அதில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்ட அவரிடமிருந்து அதை மீட்க முடியாது என்று 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. பிற்காலத்தில் ஆங்கிலச் சட்டம், முழுத் தொகையையும் விட்டுவிடாமல், நம்பிச் செலவழித்த அளவுக்கு மட்டும் பாதுகாப்புத் தரும் திசையில் நகர்ந்திருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் அரசு ஊழியர்கள் தொடர்பான வழக்கொன்றில், மூன்றாம், நான்காம் பிரிவு (கீழ்நிலைப் பணிகள்) ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்த நிலையிலும் மீட்பது அனுமதிக்கத் தக்கதல்ல என்று வரையறுத்தது. இந்தத் தீர்ப்புகள் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். அவற்றின் அடியில் இருக்கும் நியாயம் எங்கும் பொருந்தும்: பிழையை யார் செய்தார், வாங்கியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு இருந்ததா, திருப்பிக் கேட்பதால் அவருக்கு நேரும் துன்பம் எவ்வளவு என்பவற்றைப் பார்த்துத்தான் மீட்க வேண்டும்.

ஆகவே முதலில் இந்த மாதப் படியைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்; பிழை தொடராமல் இருக்கட்டும். பிடித்தம் எதுவும் செய்யும் முன் அவரை நேரில் அழைத்து, மாதவாரிக் கணக்கைக் காட்டி, சரிபார்க்க ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். உங்கள் கணக்கே தவறாக இருக்கக்கூடும். இடையில் அவருக்குப் பணிமாற்றமோ தனி ஒப்புதலோ இருந்திருக்கலாம். தொகை உறுதியானதும் மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஏழு மாதம் போன பணம் ஏழு மாதத்திலோ அதற்கு மேலான காலத்திலோ திரும்பி வருவதில் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு இல்லை. ஒப்புக்கொண்ட தவணையை எழுத்தில் பதிந்து இருவரும் கையெழுத்திடுங்கள், வட்டி கேட்காதீர்கள். தவணை முடியும் முன் அவர் வேலையை விட நேர்ந்தால் மீதி எப்படித் தீர்க்கப்படும் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், கடைசிச் சம்பளத்தை மொத்தமாக விழுங்கிவிடும் நிலை வராது.

எவ்வளவு திருப்பிக் கேட்பது என்பதில்தான் நன்கறிந்த கணக்கர்களும் இடறுகிறார்கள். மாதம் 1,000 கூடுதலாகப் போனது, அதில் 200 வரியாகவும் 100 சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பாகவும் பிடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு வந்தது 700. ஏழு மாதத்துக்கு 4,900. நீங்கள் 7,000 கேட்டால், அவர் ஒருநாளும் கண்ணால் பாராத 2,100-ஐயும் கொடுக்கச் சொல்கிறீர்கள். அதே வரி ஆண்டுக்குள் பிழை பிடிபட்டால், வரியையும் பங்களிப்பையும் அடுத்த மாதக் கணக்குகளில் திருத்தி, கைக்கு வந்ததை மட்டும் அவரிடமிருந்து வாங்க வழி இருக்கும். ஆண்டு கடந்துவிட்டால் சிக்கல். அமெரிக்காவில் முந்தைய ஆண்டுக்கான கூட்டரசு வருமான வரியை நிறுவனம் மீட்டுத் தர முடியாது. ஊழியர் மொத்தத் தொகையைத் திருப்பிக் கட்டிவிட்டுத் தம் வரிக் கணக்கில்தான் நிவாரணம் தேட வேண்டும். கனடாவிலும் அப்படித்தான் இருந்தது. பல்லாயிரம் அரசு ஊழியர்கள் அதனால் துன்பப்பட்ட பிறகு, எழுத்துப் பிழையாலோ நிர்வாகப் பிழையாலோ கணினி அமைப்பின் பிழையாலோ போன பணத்துக்கு, கைக்கு வந்ததை மட்டும் திருப்பிக் கட்டினால் போதும் என்னும்படி 2019-இல் அங்கே வரிச் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் நாட்டில் எது விதி என்பதை வரி ஆலோசகரிடம் கேட்டறிந்த பிறகே அந்த ஊழியரிடம் தொகையைச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் சொன்னால் அவர் எதையும் நம்பமாட்டார்.

கேள்வி: என் சம்பளம் வேறு ஒருவர் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. ‘வங்கி திருப்பி அனுப்பியதும் உங்களுக்குப் போடுகிறோம்’ என்று அலுவலகத்தில் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.

பதில்: வங்கியிலிருந்து பணம் எப்போது திரும்பும் என்பது நிறுவனத்துக்கும் வங்கிக்கும் இடையிலான விவகாரம். நீங்கள் கொடுத்த கணக்கு எண் சரியாக இருந்து, அதை அவர்கள் தவறாகப் பதிந்திருந்தால், உங்கள் சம்பளம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதே பொருள். அதை இன்றே கொடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தாமதத்தால் உங்களுக்குத் தவணை அபராதமோ வங்கிக் கட்டணமோ நேர்ந்திருந்தால் ரசீதை இணையுங்கள்.

இதைப் படிக்கும் சம்பளப் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு எண்ணை மாற்றும்படி ஊழியர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சம்பளத்தைத் திசைதிருப்பும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. அப்படிப்பட்ட வேண்டுகோள் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், ஏற்கெனவே கோப்பில் இருக்கும் எண்ணில் ஊழியரை அழைத்துக் கேட்ட பிறகே மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறேன். பிழை நேர்ந்தால் அதை என் சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார் உரிமையாளர். போன மாதம் கண்ணில் பட்ட ஒரு பிழையைச் சொல்வதற்கே பயமாக இருக்கிறது. புதிய மென்பொருளுக்கும் மாறப்போகிறோம்.

பதில்: அந்தப் பிழையை இன்றே எழுத்தில் தெரிவியுங்கள், ஒவ்வொரு மாதமும் அது வளரும், உங்கள் நிலையும் பலவீனமாகும். உங்கள் உரிமையாளருக்கு நான் சொல்ல விரும்புவது இது: பிழையைச் சொன்னவருக்குத் தண்டனை என்றால், அடுத்த பிழையை ஒருவரும் சொல்லமாட்டார். வேலையில் நேர்ந்த தவறுக்காகச் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் தடுக்கும் அல்லது கடுமையான நிபந்தனைகளோடு மட்டும் அனுமதிக்கும் நாடுகள் பல. அந்த மிரட்டலே சட்டப்படி நிற்காமல் போகலாம்.

சம்பளப் பிழைகள் பெரும்பாலும் பட்டியல் போடுபவரின் மேசையில் பிறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், ஊதிய உயர்வு, சம்பளமில்லா விடுப்பு போன்ற மாற்றங்கள் மற்றப் பிரிவுகளிலிருந்து தாமதமாகவும் வாய்மொழியாகவும் வந்து சேர்வதில்தான் பிறக்கின்றன. மாதத்தில் ஒரு தேதியை இறுதி நாளாக வைத்து, அதற்குள் எழுத்தில் வந்த மாற்றங்கள் மட்டும் அந்த மாதக் கணக்கில் சேரும் என்று உரிமையாளரையே அறிவிக்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பும் முன், பட்டியலைத் தயாரிக்காத வேறொருவர் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்: ஆட்களின் எண்ணிக்கை ஏன் மாறியது, கைக்கு வரும் தொகை வழக்கத்துக்கு மாறாகக் கூடியவர் குறைந்தவர் யார், ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பெயரில் இருக்கிறதா, விலகியவர் பெயர் இன்னும் இருக்கிறதா. அரை மணி நேர வேலை. பெரிய பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயே பிடிபட்டுவிடும்.

புதிய மென்பொருளைப் பற்றி ஒன்றை வலியுறுத்துகிறேன். பழையதையும் புதியதையும் குறைந்தது இரண்டு மூன்று சம்பளச் சுற்றுகளுக்கு இணையாக ஓட்டி, ஒவ்வொருவர் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பழையதை நிறுத்த விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010-இல் புதிய சம்பள அமைப்புக்கு மாறியபோது ஏராளமான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போனது. அதற்கென அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2013-இல் அதை ஆராய்ந்தது. கனடாவின் கூட்டரசு 2016-இல் தொடங்கிய ‘ஃபீனிக்ஸ்’ அமைப்பில், போதிய சோதனை முடியாமலும், அனுபவமுள்ள சம்பள அலுவலர்களை முன்கூட்டியே குறைத்துவிட்டும் ஓட்டத் தொடங்கியதால், பிழைகளைத் திருத்த ஆளில்லாமல் அவை ஆண்டுக்கணக்கில் குவிந்தன. நான் முன்பு சொன்ன 2019 வரித் திருத்தத்துக்குப் பின்னணியும் அதுவே. உங்கள் நிறுவனம் சிறியது என்றாலும் இந்த இரண்டு தவறுகளும் எந்த அளவிலும் நேரக்கூடியவை.

கேள்வி: மணிக்கணக்குப் பதிவில் பின்னங்களை முழுமையாக்கும் முறையில் சிறு கோளாறு. சிலருக்கு மாதம் சில நாணயங்கள் குறைவு, சிலருக்குச் சில நாணயங்கள் கூடுதல். இதைத் திருத்த ஆகும் செலவே தொகையைவிட அதிகம். விட்டுவிடலாமா?

பதில்: கூடுதலாகப் போனதை விட்டுவிடலாம்; குறைந்ததைக் கொடுத்துவிடுங்கள். முதலாவதை மன்னிப்பது நிறுவனத்தின் உரிமை, இரண்டாவதை மன்னிப்பது தொழிலாளியின் உரிமை, அதை அவருக்காக நிறுவனம் செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் துல்லியமாகக் கணக்கிடுவது உண்மையிலேயே கடினம் என்றால், குறைந்திருக்கக்கூடிய மிகப் பெரிய தொகை எதுவோ அதையே எல்லாருக்கும் கொடுத்து, அப்படிக் கணக்கிட்டதைச் சம்பளச் சீட்டில் ஒரு வரியாகச் சொல்லிவிடலாம். கோளாறு எப்போதும் ஒரே பக்கமாக, அதாவது தொழிலாளி வந்த நேரத்தைத் தாமதமாகவும் போன நேரத்தை முன்னதாகவும் காட்டும்படி முழுமையாக்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படியிருந்தால் அது சிறு கோளாறு அல்ல, இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்குச் சொன்ன பதில் முழுவதும் உங்களுக்கும் பொருந்தும். விட்டுவிடும் கூடுதல் தொகைக்கு ஒரு பதிவு வேண்டும்: யார் யாருக்கு எவ்வளவு, ஏன் மீட்கவில்லை என்று எழுதி, பட்டியல் போட்டவர் அல்லாத ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும்.